பியானோ சாரின் பாதி கீபோர்டு

"வீட்ல யாருமே கவனிக்கலையா?" என்று டாக்டர் கேட்டார்.

அப்பா போய்க் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. காலையில் பல் தேய்க்கப் போனவர் குளியலறை வாசலில் சரிந்தார். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. டாக்டர் திரையில் ஒரு மூளையின் படத்தைக் காட்டி, மூடிய பேனாவால் அங்கங்கே தொட்டார்.

"இன்னைக்கு வந்தது இது. ஆனா இங்க, இங்க, இதெல்லாம் பழைய தழும்பு. முன்னாடியே சின்னச் சின்னதா வந்திருக்கு. இடது கை அநேகமா முழுசா போயிருக்கும்."

"என் வீட்டுக்காரருக்கா?" என்றாள் அம்மா. "நேத்து சாயங்காலம் வரைக்கும் வேலை பார்த்துட்டு வந்த மனுஷன் சார். டைப் அடிக்கிற வேலை. ரெண்டு கையால."

டாக்டர் படத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

மகளுக்கு அங்கேயே மனசில் விழுந்துவிட்டது: ஸ்கேன் மாறிவிட்டது. திரையில் இருப்பது வேறு யாருடையதோ தலை. அவளுடைய வேலையே மென்பொருளில் பிழை தேடுவது. இரண்டு பேருடைய விவரம் இடம் மாறுவது எத்தனை சுலபம் என்று அவளுக்குத் தெரியும். படம் மாறியிருந்தால் மருந்தும் மாறியிருக்கும். மருந்து மாறியிருந்தால், அப்பா தானாகச் சாகவில்லை.

புகார் எழுதினாள். வார்த்தைக்கு வார்த்தை பார்த்துத்தான் எழுதினாள். ஒன்றே ஒன்று குறைந்தது. கடைசி நாள் வரை அவர் இரண்டு கையாலும் வேலை பார்த்தார் என்று, பக்கத்திலிருந்து பார்த்த ஒருவர் எழுதித் தர வேண்டும். அதற்காகத்தான் அடுத்த வாரம் அப்பாவின் குடோனுக்குப் போனாள்.

வெளிநாடுகளுக்குப் பார்சல் அனுப்பும் குடோன். கூரை வரை அட்டைப் பெட்டிகள். மூலையில் கண்ணாடித் தடுப்புக்குள் ஒரு மேசை, ஒரு பழைய கம்ப்யூட்டர், கர்ரென்று லேபிள் துப்பும் பிரின்டர். அப்பா தன் வயதில் பாதியை அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள்தான் கழித்தார்.

அங்கே யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பியானோ என்பார்கள், மரியாதைக்காரர்கள் பியானோ சார் என்பார்கள். டைப்ரைட்டிங் பள்ளியில் விசைகளின் மேல் துணி மூடிக் கற்றுக்கொண்ட கை. பத்து விரலும் ஓடும், கண் வேறெங்கோ இருக்கும். அம்மாவே அந்தக் காலத்தில் ஒரு வேலை விண்ணப்பம் அடிக்கப் போய் மாட்டிக்கொண்டவள்தான். "பூரா நேரமும் என்னையேதான் பார்த்துக்கிட்டிருந்தாரு. அப்புறம் பேப்பரைப் பார்த்தா ஒரு எழுத்துத் தப்பு இல்ல. இந்த ஆளை நம்பலாம்னு தோணிச்சு" என்பாள். ஒரு விரலால் டைப் அடிப்பவர்களைக் கண்டால் அப்பாவுக்கு ஆகாது. கொத்துது பார், கோழி, என்பார். குடோன் சூப்பர்வைசருக்கே அந்தப் பட்டத்தைச் சூட்டியிருந்தார்.

உலகமெல்லாம் படம் காட்டும் கம்ப்யூட்டருக்கு மாறியபோது லேபிள் மென்பொருள் மட்டும் மாறவில்லை. அது பழைய கறுப்புத் திரையில்தான் ஓடும். அந்தத் திரையை ஓட்டும் மென்பொருளை விற்ற கம்பெனியோ அதைக் கைகழுவிவிட்டது. அப்பா விடவில்லை. பல நாட்டு ஆட்கள் சேர்ந்து இலவசமாகச் செய்து வைத்திருந்த ஓர் இயங்குதளத்தைத் தேடிப் பிடித்தார். மவுஸ் கிடையாது, படம் கிடையாது. மினுக்கும் கோட்டின் முன் கட்டளையைத் தட்ட வேண்டும், அது செய்யும். அதன் உள்ளே இருக்கும் எல்லாமே திறந்து கிடக்கும். யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம்.

அவர் பிரித்தது கீபோர்டை. பார்சல் போகும் ஊர்ப் பெயர்களில் தலையில் புள்ளி, காலில் வால், நெற்றியில் கோடு. மற்றவர்கள் இதையெல்லாம் விட்டுவிட்டு மொட்டையாக அடிப்பார்கள். அப்பாவுக்கு அது பொறுக்காது. எந்த விசையில் எந்த எழுத்து என்று ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியாக எழுத்து அமைப்பு உண்டு என்று கண்டுபிடித்து, ஒவ்வொன்றாக ஏற்றிப் பழகினார். ஒரு சின்ன நாட்டின் அமைப்பில் ஓர் எழுத்து இடம் தவறி இருந்தது. திருத்தி அனுப்பினார். அவர்களும் நன்றி சொல்லிச் சேர்த்துக்கொண்டார்கள். அன்று சாப்பிடும்போது அவருக்குக் கால் தரையில் படவில்லை.

"இனிமே அந்த நாட்டுக்காரன் அத்தனை பேரும், நான் வச்ச எடத்துலதான் அந்த எழுத்தைத் தேடுவான்."

"வீட்டுச் சாவியை எங்க வச்சீங்கன்னு இன்னும் நாங்க தேடிக்கிட்டிருக்கோம்" என்றாள் அம்மா.

சூப்பர்வைசர் மகளைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். அவள் வந்த விஷயத்தைச் சொன்னதும் யோசிக்கவே இல்லை, காகிதத்தை எடுத்தார்.

"இதுக்கு என்னம்மா சாட்சி? இந்தக் கண்ணாலதானே தெனமும் பார்த்தேன்." எழுதினார், கையெழுத்துப் போட்டார், கம்பெனி முத்திரையை அழுத்திக் குத்தினார். 'கடைசி நாள் வரை இரண்டு கைகளாலும் தட்டச்சு செய்ததை நேரில் பார்த்தவன்.' மகள் அதை வாங்கிப் பையில் வைத்தாள். வந்த காரியம் முடிந்தது.

"எனக்கு ஒரு உதவி பாப்பா. உங்கப்பா மிஷினைக் கொஞ்சம் பாரேன். சரக்கெல்லாம் லேபிள் இல்லாமக் கெடக்கு."

"என்ன ஆச்சு சார்?"

"கீபோர்டு பாதி செத்துப்போச்சு. இடப்பக்கம் எதைத் தட்டினாலும் ஒண்ணும் வரல. வலப்பக்கம் ஒண்ணைத் தட்டினா வேற ஒண்ணு வருது. புதுசு வாங்கினேன். அதுவும் பாதி செத்தே வந்துச்சு. திருப்பிக் குடுத்துட்டு இன்னொண்ணு வாங்கினேன். அதுவும் அப்படியே! கடைக்காரன்கிட்ட மாட்டினா நல்லா அடிக்குதாம், இங்க வந்தாத்தான் படுத்துக்குதாம். என்ன பித்தலாட்டம் பார்."

"அண்ணன் போனதும் அதுவும் பாதி உசுரை விட்டுடுச்சு. நான் சொன்னா இவரு சிரிக்கிறாரு" என்றாள் பக்கத்தில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த டேப் அக்கா. மணிக்கட்டில் வளையல் மாதிரி எப்போதும் ஒரு டேப் சுருள் கிடப்பதால் அந்தப் பெயர்.

அப்பா போன பிறகு மகளுக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

"கீபோர்டு மேல தப்பே இல்ல சார். அதுக்கு எழுத்தே தெரியாது. இத்தனாவது விசையை அமுக்கிட்டாங்கன்னு நம்பர் மட்டும்தான் உள்ள அனுப்பும். அந்த நம்பருக்கு எந்த எழுத்துன்னு உள்ள இருக்கிற ஒரு சின்ன ஃபைல்தான் சொல்லும். அப்பா ஏதோ வெளிநாட்டு அமைப்பை ஏத்தி வச்சிருக்காரு, அவ்வளவுதான்."

"அப்ப நான் கடைக்காரனைத் திட்டினது?"

"வீண்."

"அவன் அப்பனையும் சேர்த்துல்ல திட்டிட்டேன்" என்று சூப்பர்வைசர் தலையைச் சொறிந்தார்.

மகள் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். அது அவர் உடம்புக்குப் பழகிப்போய் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. ஐந்து நிமிட வேலை என்று நினைத்தாள். சில நாட்டு அமைப்புகளில் மேல் வரிசை இடம் மாறி இருக்கும், சிலவற்றில் ஓரத்து எழுத்து மாறி இருக்கும். எது என்று தெரிந்தால் போதும். தட்டிப் பார்த்தாள். எந்த நாட்டோடும் ஒத்துப்போகவில்லை. தவிர, இடப்பக்கம் பூராவையும் ஊமையாக வைத்திருக்கும் நாடு உலகத்தில் எங்கே இருக்கிறது?

திரையின் ஓரத்தில், ஏற்றியிருக்கும் அமைப்பின் இரண்டெழுத்துக் குறி தெரிந்தது. அந்தக் குறியும் எந்த நாட்டுக்கும் உரியது இல்லை.

"இது அப்பாவே செஞ்சது" என்றாள்.

சூப்பர்வைசர் கொஞ்சம் மென்று விழுங்கினார். "தப்பா எடுத்துக்காதே பாப்பா. பூட்டுதான் போட்டிருக்காரு. தன்னை விட்டா இந்த மிஷினைத் தொட ஆளில்லைன்னு இருக்கணும். வயசானா வர்ற பயம்தான். அதுக்காக இப்படியா கையைக் கட்டிப் போட்டுட்டுப் போறது?"

"வாயைக் கழுவுங்க சார்" என்றாள் டேப் அக்கா. "அண்ணனாவது, பூட்டுப் போடுறதாவது."

மகளுக்குச் சுருக்கென்று தைத்தது. அப்படியும் இருக்குமோ என்று ஒரு நொடி தோன்றியதுதான் அதைவிடத் தைத்தது.

ஒரு அட்டையும் மார்க்கரும் வாங்கிக்கொண்டாள். கீபோர்டைக் கட்டம் கட்டமாக வரைந்து, ஒவ்வொரு விசையாகத் தட்டி, என்ன வருகிறதோ அதை அந்தக் கட்டத்தில் எழுதினாள். பிழை தேடும்போது அவள் எப்போதும் இப்படித்தான். ஊகிக்க மாட்டாள், எதையும் விட மாட்டாள்.

இடப்பாதி அத்தனையும் வெற்றுக் கட்டம். எல்லா எழுத்தும் வலப்பக்கத்துக்குக் குடிபெயர்ந்திருந்தது. இடம் போதாதவை ஓரத்து எண் விசைகளில் ஏறி உட்கார்ந்திருந்தன. அடிக்கடி வேண்டிய எழுத்துகள் எல்லாம் வலது கையின் நல்ல விரல்களுக்கு நேர் கீழே. எப்போதோ வருபவை எட்டத்தில். ஒரு விசை மட்டும் புரியவில்லை. தட்டினால் ஒன்றும் வரவில்லை, ஆனால் அடுத்துத் தட்டிய எழுத்து பெரிய எழுத்தாக வந்தது.

அந்த வித்தை அவளுக்குத் தெரியும். தலையில் புள்ளி வைக்கும் நாடுகளில் அப்படி ஒரு விசை உண்டு. முதலில் அதைத் தட்ட வேண்டும். அது சத்தம் போடாமல் காத்திருக்கும். அடுத்த எழுத்து வந்ததும் அதன் தலையில் புள்ளியை ஏற்றும். அப்பா அதே வித்தையைப் பெரிய எழுத்துக்கு எடுத்திருக்கிறார். எல்லோரும் ஒரு விரலால் ஒன்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு இன்னொரு விரலால் தட்டுவார்கள். இவர் ஒன்றன் பின் ஒன்றாகத் தட்டினால் போதும்.

பூட்டுப் போடுகிறவன் இவ்வளவு வசதி பார்க்க மாட்டான். இது தட்டுவதற்காகச் செய்தது. ஒரு கையால் தட்டுவதற்காக.

மார்க்கரை மூடி வைத்தாள்.

"சார், அப்பா எப்படி டைப் அடிப்பாரு?"

"அதைத்தானே எழுதிக் குடுத்தேன். ரெண்டு கையால."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? ரெண்டு கையும் கீபோர்டு மேலதான் இருக்கும். நேத்துப் பார்த்த மாதிரி இருக்கு."

மகள் மூச்சு விட்டாள். அப்படியானால் சரி. படம் அப்பாவுடையது இல்லை. இந்த அமைப்பு ஏதோ விளையாட்டு, அவருக்கு உள்ள கிறுக்குகளில் ஒன்று. இரண்டு கையையும் அப்பா மாதிரியே கீபோர்டின் மேல் வைத்துப் பார்த்தாள், விரல்களை வளைத்து.

"அப்படி இல்ல பாப்பா" என்றாள் டேப் அக்கா.

"எப்படி இல்ல?"

"அண்ணனோட இடது கை இன்னும் சாஞ்சு கெடக்கும். விரலெல்லாம் படுத்துத் தூங்குற மாதிரி. வலது கையால எடுத்து வச்சுட்டுத்தான் வேலையையே ஆரம்பிப்பாரு."

"எடுத்து வச்சுட்டுன்னா?"

"இதோ, இப்படி." டேப் அக்கா வலது கையால் தன் இடது மணிக்கட்டைப் பிடித்தாள். தூக்கினாள். ஒரு பொருளை வைப்பது மாதிரி மேசை மேல் வைத்தாள். "கச்சேரிக்கு உக்காருற மாதிரி இருக்கும். ஸ்டைலுன்னு நாங்க சிரிப்போம். அவரும் சிரிப்பாரு."



மகள் தன் இடது கையைத் தளரவிட்டாள். அதை வலது கையால் எடுத்து, கீபோர்டின் இடப்பக்கத்தில் அப்படியே போட்டாள். உள்ளங்கையும் விரல்களும் கண்டபடி விசைகளின் மேல் அமுங்கின. சாதாரண அமைப்பாக இருந்தால் திரை பூரா எழுத்து கொட்டியிருக்கும்.

ஒன்றும் வரவில்லை. கோடு மட்டும் அதே இடத்தில் மினுக்கிக்கொண்டிருந்தது.

எழுத்துகளை வலப்பக்கம் நகர்த்தியது ஒரு கையால் அடிக்க. இடப்பக்கத்தை ஊமையாக்கியது, போன கை எல்லோர் கண்ணுக்கும் முன்னால் அங்கே கிடக்க. அது விழுந்தாலும் புரண்டாலும் திரை காட்டிக்கொடுக்காமல் இருக்க.

"பழைய கீபோர்டு எங்க சார்? அப்பா அடிச்சது."

சூப்பர்வைசர் அலமாரியின் மேலிருந்து எடுத்துக் கொடுத்தார். வலப்பக்க விசைகளில் எழுத்தே இல்லை, தேய்ந்து வழவழவென்று இருந்தன. இடப்பக்கத்தில் எல்லா எழுத்தும் நேற்று அச்சடித்ததுபோல் பளிச்சென்று இருந்தது.

மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எத்தனை நாளா?" என்றார் சூப்பர்வைசர். யாரிடம் கேட்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற வேலை குடுத்திருப்பேனே."

"என்ன வேலை? கேட்ல உக்கார வச்சு, வர்ற வண்டிக்கு சலாம் போடச் சொல்லியிருப்பீங்க" என்றாள் டேப் அக்கா. "பியானோவை."

அவர் உட்கார்ந்துவிட்டார். "கோழின்னு பேர் வச்சாரு எனக்கு" என்றார். "அந்த ஆளு ஒத்தைக் கையால என்னை விட வேகமா அடிச்சிருக்காரே."

சரக்கு காத்திருந்தது. மகள் லேபிள் பக்கத்தைத் திறந்தாள். இடது கையை மடியில் வைத்துக்கொண்டாள். அட்டையில் வரைந்ததைப் பக்கத்தில் சாய்த்துவைத்து, அப்பாவின் அமைப்பிலேயே முதல் முகவரியை அடிக்க ஆரம்பித்தாள். தடவித் தடவித்தான் போனது. நாலாவது லேபிளில் அட்டையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். விரல் எங்கே போக நினைக்கிறதோ அங்கே எழுத்து இருந்தது. எத்தனை தடவை வைத்துப் பார்த்து, கலைத்து, மறுபடி வைத்திருப்பார். நடுவில், ஓர் எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி வைத்த ஊர்ப் பெயர் ஒன்று வந்தது. தேடினாள். கட்டைவிரலுக்குக் கொஞ்சம் தள்ளி, அதற்கும் இடம் வைத்திருந்தார்.

கடைசி லேபிள் வெளியே வந்ததும் சூப்பர்வைசர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "பழையபடி மாத்திடும்மா. நாளைக்கு வேற ஆள் உக்காரணும்ல."

மாற்றுவதற்கு ஒரு கட்டளை போதும். ஆனால் அந்தக் கட்டளையையும் அப்பாவின் அமைப்பில்தான் அடித்தாக வேண்டும். வலது கையால், எழுத்து எழுத்தாக அடித்தாள். அடித்து முடித்ததும், அவள் கேட்காமலேயே இடது கை மடியிலிருந்து எழுந்து கீபோர்டின் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. தட்டினாள். எழுத்து வந்தது. அவளால் அதைப் பார்க்க முடியவில்லை.

பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து மேசை மேல் வைத்தாள்.

"பாப்பா, இதை விட்டுட்டுப் போறியே."

"வேணாம் சார்."

"நான் பொய் எழுதல பாப்பா. பார்த்ததைத்தான் எழுதினேன்."

"தெரியும் சார். அவரு காட்டினதைப் பார்த்தீங்க."

அப்பாவின் பழைய கீபோர்டை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

வீட்டில் அம்மா கதவருகிலேயே நின்றிருந்தாள். "எழுதிக் குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க."

"அப்புறம் என்ன? நாளைக்கே கொண்டு போய் அந்த டாக்டர் மூஞ்சியில..."

"அம்மா. ஸ்கேன் அப்பாவோடதுதான்."

அம்மாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. "நீயுமா? கூடவே இருந்தவ நான். எனக்குத் தெரியாதா?"

மகள் கீபோர்டைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். சுருக்கமாகச் சொன்னாள். தேய்ந்த பக்கம், தேயாத பக்கம், ஊமை விசைகள், கையை எடுத்து வைத்தது. அம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.  எல்லாம் முடிந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"எந்தக் கை?"

"இடது."

அம்மா போய் அலமாரியைத் திறந்தாள். அப்பாவின் துணிகள் மடித்தபடி இருந்தன. மேலே இருந்ததெல்லாம் தலைவழியாக மாட்டும் டி-ஷர்ட். பொத்தான் வைத்த சட்டைகள் கடைசித் தட்டில், மடிப்பு மஞ்சளாகிக் கிடந்தன.

"இந்த வயசுல மைனர் மாதிரி என்ன டி-ஷர்ட்டுன்னு கேட்டேன்" என்றாள். "காத்தோட்டமா இருக்குன்னாரு."

அலமாரிக் கதவைச் சாத்தினாள்.

"ரோட்ல எப்பவும் என் வலப்பக்கம்தான் வருவாரு. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து. திடீர்னு இந்தப் பக்கம் மாறிட்டாரு. ஏன்னு கேட்டதுக்கு, இனிமே ரோட்டோட வலது ஓரமாப் போவோம், வண்டி வர்ற பக்கம் நான் இருக்கணும்டின்னாரு. எனக்குப் பெருமையா இருந்துச்சு." தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், அவர் பிடித்து நடந்த கையை. "பிடிக்கிற கை மாறினது எனக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுதான் இருந்திருக்கு."

மகள் புகார்க் காகிதத்தை நாலாக மடித்தாள். யாருமே கவனிக்கலையா என்று டாக்டர் கேட்டது இப்போது இந்த வீட்டுக்குள்ளும் வந்திருந்தது. அம்மா மேசைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்து, கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள். அச்சு அழியாத அந்த இடப்பாதியின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தாள். எடுக்கவே இல்லை.